நாள்பட்ட வியாதியோட ஹெல்த்கேர் டாட் கவ்ல இன்சூரன்ஸ் வாங்குறது, ஒரு நீள ரிவ்யூ

இது ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கான ரிவ்யூ இல்லீங்க. வருஷத்துக்கு ஒரு செக்கப், எப்பவாச்சும் ஒரு சளி காய்ச்சல்னு போற ஆளா இருந்தா கம்மி விலை ப்ளான் ஒண்ண எடுத்துட்டு வேலையைப் பாருங்க, இதுக்கு மேல படிக்க வேணாம். எனக்கு ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ், உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கற வியாதி. டெக்சாஸ்ல இருக்கேன், சொந்தமா டிசைன் வேலை பண்றேன், அதனால கம்பெனி இன்சூரன்ஸ் கிடையாது. ஒபாமாகேர்னு ஊரே சொல்ற அமெரிக்க சட்டத்தால வந்த, தனி ஆளுங்க இன்சூரன்ஸ் வாங்கற அரசாங்க மார்க்கெட்ப்ளேஸ், அதாவது இந்த ஹெல்த்கேர் டாட் கவ் சைட்தான் எனக்கு கதி.

சைட் பத்தி முதல்ல. 2013 அக்டோபர் 1 திறந்தப்ப எப்படி படுத்துச்சுன்னு பலருக்கு ஞாபகம் இருக்கும், முதல் நாள் முழுக்க சேர முடிஞ்சது ஆறே பேராம். இப்ப அப்படியெல்லாம் இல்ல, ஒழுங்கா ஓடுது, ஃபோன்லயே முடிச்சிடலாம். என்னைக் கேட்டா இந்த சைட்லயே பெரிய விஷயம் அது கேக்காத கேள்விதான். வயசு, ஜிப் கோடு, வருமானம், வீட்ல எத்தனை பேரு, புகையிலை உண்டா, அவ்ளோதான் விலைக்கு. உடம்புக்கு என்ன, எந்த மருந்து சாப்பிடுறே, எப்ப ஆஸ்பத்திரில படுத்தே, ஒண்ணும் கிடையாது. உடல் குறைபாடு இருக்கான்னு ஒரு கேள்வி வரும், அதைப் பாத்து பயந்துடாதீங்க, அது வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ் மெடிக்கெய்டுக்கு தகுதி இருக்கான்னு பாக்கறதுக்கு, ப்ரீமியத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

2014க்கு முன்னாடி தனியா இன்சூரன்ஸ் வாங்கப் போனவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும். பெரும்பாலான மாநிலத்துல பக்கம் பக்கமா மெடிக்கல் ஹிஸ்டரி கேப்பாங்க, ஆர்த்ரைட்டிஸ்னு ஒரு வார்த்தை எழுதினா போதும், ஒண்ணு கதவைச் சாத்துவாங்க இல்ல மூட்டு சம்பந்தமா எது வந்தாலும் கவர் கிடையாதுன்னு எழுதிக் குடுப்பாங்க. வேலை போச்சுன்னா பழைய கம்பெனி இன்சூரன்ஸையே தொடர விடற கோப்ரா சட்டத்துல பொதுவா 18 மாசம் ஓட்டலாம், அதுவும் கம்பெனி கட்டின பங்கையும் சேத்து நாமளே 102 சதவீதம் வரைக்கும் கட்டணும். அதுக்கப்புறம் ஆண்டவன் விட்ட வழி. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார், யார் என்ன கட்சியா இருந்தாலும் சரி.

மத்ததுக்கெல்லாம் ஸ்டார் குறையுது, அதைத்தான் விவரமா சொல்லணும்.

எங்க ஏரியாவுல நாள்பட்ட வியாதிக்காரங்க சேந்து ஒரு க்ரூப் வெச்சிருக்கோம். மருந்து, டாக்டர் எல்லாம் பேசி முடிச்சதும் எப்படியோ இந்த ஒபாமாகேர் சட்டம் நல்லதா கெட்டதான்னு வந்து நின்னுடும். வெளிய இருந்து பாக்கறவங்க, நோயாளிங்கன்னா எல்லாரும் ஒரே பக்கம்தான் இருப்பாங்கன்னு நினைப்பாங்க, அதெல்லாம் இல்ல, நல்லா காரசாரமா போகும். டயாலிசிஸ் பண்ற ஒரு பெரியவர் இருக்காரு, பொதுவா அறுபத்தஞ்சு வயசுல கிடைக்கற அரசு இன்சூரன்ஸான மெடிகேர் அதுக்கு ரொம்ப முன்னாடியே அவருக்கு கிடைச்சிடுச்சு, ஏன்னா 1972லயே கிட்னி ஃபெயிலியருக்குன்னு தனியா சட்டத்துல வெச்சுட்டாங்க. "என் கிட்னிக்கு குடுக்கற கவர்மென்ட் உன் மூட்டுக்கு ஏன் குடுக்கக் கூடாது, எல்லாருக்கும் மெடிகேரே குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே"ன்னு கேப்பாரு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. உடனே மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்ங்கற நரம்பு வியாதி இருக்கற ஒருத்தங்க, "நான் டிசபிலிட்டி உதவித்தொகை வாங்க ஆரம்பிச்சும் மெடிகேருக்கு 24 மாசம் காத்துக் கிடந்தேன், அந்த ரெண்டு வருஷம் நான் எப்படி ஓட்டினேன்னு கவர்மென்ட் வந்து கேட்டுச்சா"ன்னு ஒரு போடு போடுவாங்க.

பேக்கரி நடத்துற ஒரு அம்மாவுக்கு டைப் ஒன் சுகர். அவங்களுக்கு இந்த சட்டம்னாலே ஆகாது. அவங்க கோவத்தை நான் லேசா எடுத்துக்க மாட்டேன், ஏன்னா கணக்கு அவங்க பக்கம். 2021ல இருந்து 2025 வரைக்கும் ப்ரீமியத்துக்கு அரசோட கூடுதல் மானியம் இருந்துச்சு, வருமானம் எவ்ளோ இருந்தாலும் மானியக் கணக்குக்கு அளவுகோலா வெச்சிருக்கற பெஞ்ச்மார்க் ப்ளானுக்கு வருமானத்துல 8.5 சதவீதத்துக்கு மேல போகாதுன்னு. அது 2025 முடிவுல காலாவதி ஆயிடுச்சு. அதை நீட்டிக்கணுமா வேணாமான்னு சண்டை போட்டுத்தான் 2025 அக்டோபர் 1ல இருந்து 43 நாள் கவர்மென்ட்டையே இழுத்து மூடினாங்க, கடைசில நீட்டிக்காமலே திறந்துட்டாங்க. 2026க்கு தனி ஆளுக்கு வருமானம் 62,600 டாலரைத் தாண்டிட்டா மானியம் சுத்தமா பூஜ்யம், ஒரு டாலர் தாண்டினாலும் பூஜ்யம்தான். அம்பது வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு இன்னும் மோசம், சட்டப்படியே வாலிபப் பசங்களை விட மூணு மடங்கு வரைக்கும் ப்ரீமியம் போடலாம். அந்தம்மா வருமானம் அந்தக் கோட்டை ஒட்டியே நிக்குது, இந்த வருஷம் கேக் ஆர்டர் ஜாஸ்தி வந்தா சந்தோஷப்படறதா அழறதான்னு தெரியலன்னு சொல்றாங்க.

பழைய மாதிரி ஹை ரிஸ்க் பூல் வெச்சு நோயாளிங்களை தனியா கவனிச்சா மத்தவங்களுக்கு ப்ரீமியம் குறையுமேன்னு சொல்ற ஒருத்தரும் உண்டு. இதுக்கு மட்டும் நான் கொஞ்சம் சூடாயிடுவேன். அது 35 மாநிலத்துல இருந்துச்சு. சாதாரண ப்ரீமியத்தை விட ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு, காசைக் கட்டிச் சேந்தாலும் நிறைய இடத்துல ஏற்கனவே இருக்கற வியாதிக்கு ஆறு மாசம், ஒரு வருஷம் கவர் கிடையாது. எந்த வியாதிக்காக சேர்றோமோ அதுக்கே கவர் இல்லன்னா அப்புறம் எதுக்குங்க அது? 2010ல சட்டம் வந்தப்ப இடைக்காலத்துக்குன்னு மத்திய அரசு ஒரு பூல் போட்டுச்சு, அதுல சேரணும்னா ஆறு மாசம் இன்சூரன்ஸே இல்லாம இருந்திருக்கணும், அதுக்கும் ஒதுக்கின 5 பில்லியன் டாலர் பத்தாம 2013லயே புது ஆளு எடுக்கறதை நிறுத்திட்டாங்க. நோயாளிங்களை மட்டும் ஒரு ரூம்ல போட்டா அந்த ரூமுக்கு காசு ஒதுக்க எந்த சபைக்கும் மனசு வராது, இதான் என் கட்சி.

ஆனா இவ்ளோ சண்டையிலயும் யாரும் பெருசா பேசாத ஒண்ணு இருக்கு. முன்னாடி வாசல்லயே இல்லன்னு சொன்னாங்க, இப்ப உள்ள விட்டுட்டு ஒவ்வொரு மருந்துக்கும் இல்லன்னு சொல்றாங்க. வியாதிக்காரங்களை வராதேன்னு சொல்ல சட்டத்துல இடமில்ல, ஆனா அவங்களுக்கு ஒத்து வராத மாதிரி ப்ளானை வடிவமைக்க வழி இருக்கு. ப்ளானோட ஒப்பந்தம் போட்ட டாக்டருங்க இருக்கற நெட்வொர்க்ல ஸ்பெஷலிஸ்ட் நாலு பேரு, விலை கூடின ஊசியெல்லாம் நம்ம பங்கு ஜாஸ்தியா இருக்கற கடைசி டையர்ல, எதுக்கெடுத்தாலும் கம்பெனிகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கற ப்ரயர் ஆத்தரைசேஷன். இதைக் கட்டுப்படுத்தத்தான் ரிஸ்க் அட்ஜஸ்ட்மென்ட்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, ஆரோக்கியமான ஆளுங்க அதிகமா இருக்கற ப்ளான் நோயாளிங்க அதிகமா இருக்கற ப்ளானுக்கு காசு குடுக்கணும், அது இல்லன்னா நிலைமை இன்னும் கந்தல்.

என் சொந்தக் கதையில கம்பெனி பேர் வேணாம். இந்த வியாதிக்கு முதல்ல குடுக்கற விலை கம்மியான மெத்தோட்ரெக்சேட் எனக்கு வேலை செய்யலன்னு முன்னாடியே தெரிஞ்சு, பயாலஜிக்னு சொல்ற விலை கூடின ஊசில நல்லா இருந்தேன். ப்ளான் மாத்தினதும் புதுக் கம்பெனி, முதல்ல மெத்தோட்ரெக்சேட் போட்டுப் பாருங்க, தோத்தா அப்புறம் பாக்கலாம்னுது. ஏற்கனவே தோத்துப் போச்சுய்யா, ரெக்கார்டு இருக்குன்னு டாக்டர் ஆஃபீஸ் ஃபேக்ஸ் மேல ஃபேக்ஸ் அனுப்புச்சு. ஸ்டெப் தெரபின்னு இதுக்குப் பேரு. அந்த இடைவெளில விரல் மடக்க முடியாம போனதெல்லாம் அவங்க ஃபார்ம்ல எந்தக் கட்டத்துலயும் வராது. கடைசில அப்பீல் போட்டுத்தான் வாங்கினேன். அப்பீல் போடற உரிமையும் இந்த சட்டம் குடுத்ததுதான், மறுப்பு வந்து 180 நாளுக்குள்ள கம்பெனிகிட்ட, அங்கயும் இல்லன்னா வெளி ஆளு பாக்கற எக்ஸ்டர்னல் ரிவ்யூ, அவசரம்னா 72 மணி நேரத்துல முடிவு சொல்லணும். மறுக்கற க்ளெய்ம்ல நூத்துக்கு ஒண்ணு கூட அப்பீலுக்குப் போறதில்லையாம். கம்பெனிங்களுக்கு அது நல்லாத் தெரியும். தயவுசெஞ்சு போடுங்க.

சரி, சைட்ல எப்படி எடுக்கறது. மாச ப்ரீமியம்தான் கண்ணுல பெருசா படும், நம்மள மாதிரி ஆளுங்க அதை மட்டும் பாத்தா காலி. நாம எப்படியும் அவுட் ஆஃப் பாக்கெட் மேக்ஸிமம், அதாவது ப்ரீமியம் போக ஒரு வருஷத்துல நம்ம கையில இருந்து கட்ட வேண்டிய உச்சத் தொகையைத் தொடுவோம், சில பேரு மார்ச்லயே தொட்டுடுவோம். அதனால ப்ரீமியத்தை பன்னெண்டால பெருக்கி அந்த மேக்ஸிமத்தைக் கூட்டுங்க, அதான் ப்ளானோட உண்மையான விலை. ப்ரான்ஸ், சில்வர், கோல்டுன்னு ஏற ஏற ப்ரீமியம் பொதுவா கூடும், செலவுல நம்ம பங்கு குறையும். உதாரணத்துக்கு மாசம் 300 டாலர் ப்ரான்ஸ், மேக்ஸிமம் 10,000ன்னா வருஷம் 13,600. மாசம் 480 டாலர் கோல்டு, மேக்ஸிமம் 6,000ன்னா 11,760. விலை கூடினதுன்னு நினைச்ச ப்ளான் கம்மியா வருது பாருங்க. 2026க்கு சட்டம் அனுமதிக்கற உச்ச வரம்பு தனி ஆளுக்கு 10,600 டாலர், 2014ல இது 6,350ஆ இருந்துச்சு, எப்படி ஏறிடுச்சுன்னு நீங்களே பாத்துக்கங்க.

வருமானம் வறுமைக் கோட்டுல ரெண்டரை மடங்குக்குள்ள இருந்தா சில்வரை முதல்ல பாருங்க, டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் குடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாம கட்டற தொகை), கோபே (ஒவ்வொரு தடவையும் நாம கட்டற பங்கு) எல்லாம் குறைச்சுத் தர்ற சலுகை சில்வர்ல மட்டும்தான் ஒட்டும், ரெண்டு மடங்குக்குள்ள இருந்தா அதை அடிச்சுக்க ஆளில்ல. அதுக்கு மேல இருந்தா கோல்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, எங்க டெக்சாஸ்ல பல இடத்துல கோல்டு சில்வரை விட கம்மி விலைக்கு வருது. கேட்டா நம்ப மாட்டீங்க, 2017ல அந்த சலுகைக்கான காசை ட்ரம்ப் நிறுத்தினதும் கம்பெனிங்க அந்தச் செலவை சில்வர் ப்ரீமியம் மேல ஏத்தினதோட விளைவு இது.

டாக்டர் பேரு, மருந்து பேரு போட்டுத் தேடற வசதி சைட்லயே இருக்கு, நல்ல விஷயம். ஆனா கவர்டுன்னு வந்தா அதோட நின்னுடாதீங்க, கம்பெனியோட மருந்து லிஸ்ட்டான ஃபார்முலரியைத் திறந்து எந்த டையர், ப்ரயர் ஆத்தரைசேஷன் உண்டா, ஸ்டெப் தெரபி உண்டான்னு பாருங்க. ஆஸ்பத்திரில உக்காந்து ட்ரிப்ல ஏத்தற மருந்துன்னா பெரும்பாலும் அது மருந்து லிஸ்ட்லயே வராது, மெடிக்கல் பெனிஃபிட்ல வரும், ஃபோன் போட்டுத்தான் கேக்கணும். மருந்து கம்பெனி குடுக்கற கோபே கார்டு வெச்சிருந்தா அந்தக் காசு டிடக்டிபிள்ல சேருமான்னு கேளுங்க, சேக்காத ப்ளானும் இருக்கு, கார்டு காசு தீந்த மாசம் முழு பில்லும் உங்க தலைல விழும். டாக்டரு நெட்வொர்க்ல இருக்காரான்னு சைட்டை நம்பாம அவர் ஆஃபீஸ்ல ப்ளான் பேர் முழுசா சொல்லிக் கேளுங்க, கம்பெனி பேர் மட்டும் சொன்னா ஆமா எடுக்கறோம்னுதான் சொல்லுவாங்க.

கூகுள்ல தேடும்போது இதே மாதிரி தோற்றத்துல வேற சைட்டெல்லாம் வரும், ஃபோன் நம்பர் குடுத்தீங்க செத்தீங்க, விடாம அடிப்பாங்க. அதுல விக்கற ஷார்ட் டெர்ம் ப்ளான் வியாதி இருக்கான்னு கேக்கும், இருந்தா குடுக்காது, இல்ல குடுத்துட்டு அந்த வியாதிக்கு மட்டும் குடுக்காது. அட்ரஸ் கடைசில டாட் கவ் இருக்கான்னு பாத்துக்கங்க, கலிஃபோர்னியா, நியூயார்க் மாதிரி சொந்த சைட் வெச்சிருக்கற மாநிலம்னா இங்கிருந்தே அங்க அனுப்பிடும்.

மொத்தமா அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்கறேன். க்ரூப்ல டயாலிசிஸ் பெரியவர் ஒண்ணே போதும்பாரு, பேக்கரி அம்மா அது கூட ஜாஸ்திம்பாங்க. ஜனவரி 1ல இருந்து கவர் வேணும்னா டிசம்பர் 15க்குள்ள ப்ளானை செலக்ட் பண்ணுங்க, செலக்ட் பண்ணினா மட்டும் முடிஞ்சிடாது, முதல் மாச ப்ரீமியத்தை கம்பெனிக்குத் தனியா கட்டணும், கட்டலன்னா கவரே ஆரம்பிக்காது.