பி25 பொடி: மலையகத்து ஆய்வுகூடத்துக்கு வாங்கலாமா?

உயர்தர மாணவர் செயற்றிட்டமாக இருக்கட்டும், பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வாக இருக்கட்டும், ஒளியூக்கி (ஒளி பட்டால் அழுக்கு, சாயம் போன்றவை சிதைவதை விரைவாக்கும் பொருள்) என்று பேச்சு வந்துவிட்டால் முதலில் கேட்கப்படுவது பி25 தான். முன்னாளில் டெகுசா, இப்போது எவொனிக் நிறுவனம் செய்துவரும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் பொடி இது. டப்பாவில் ஏரொக்சைட் என்றும் போட்டிருக்கும். மற்ற ஊக்கிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ள இதற்கு நிகர் இல்லை. ஆனால் பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீரைச் சுத்தமாக்கலாம் என்று வாங்கினால் காசு தண்டம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: துகள் அவ்வளவு சின்னது.

தனித்துகள் ஏறக்குறைய 21 நனோமீற்றர். ஒரு கிராமின் மேற்பரப்பு 50 சதுர மீற்றர் அளவில் வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பிராக்கள் நாலரையின் தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தைத்தேனியம் நாற்குளோரைட்டைச் சுவாலைக்குள் நீராவியோடு தாக்கமுறச் செய்து எடுப்பதால் அனடேஸ், ரூட்டைல் என்ற இரண்டு பளிங்கு வடிவங்களும் கலந்தே வருகின்றன. அனடேஸ் ஐந்தில் நான்கு பங்கு என்பது பொதுவான கணக்கு. தொகுதிக்குத் தொகுதி இது கொஞ்சம் மாறும் என்பதால் டப்பாவின் தொகுதி எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

செய்முறையின் மிச்சமாகச் சிறிதளவு ஐதரோகுளோரிக் அமிலமும் பொடியில் ஒட்டியிருக்கும். தண்ணீரில் 4 சதவீதமாகக் கலக்கினால் பி.எச். 3.5 முதல் 4.5 வரை. கொழும்புக் குழாய்த் தண்ணீரில் இது தெரியாமல் போகலாம். மலை ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, அமிலத்தைத் தாங்கும் உப்புகள் அதில் குறைவு. ஆகவே பொடியைப் போட்ட பிறகுதான் பி.எச். பார்க்க வேண்டும், போடுவதற்கு முன் அல்ல. ஏறக்குறைய 6.5க்குக் கீழே துகளின் மேல் நேரேற்றம், மேலே மறையேற்றம். ஊக்கியின் வேகத்தைச் சோதிக்க வழக்கமாக வெளுக்க வைக்கும் மெதிலீன் நீலம் நேரேற்றமுள்ள சாயம் என்பதால் பி.எச். ஒன்று நகர்ந்தாலே சாயம் ஒட்டுகிற அளவு மாறிவிடும்.

அசலா என்று பார்க்க மின்நுணுக்குக்காட்டி வேண்டாம், அளவுருளை போதும். 10 கிராமை நிறுத்து அதில் கொட்டி மெதுவாகத் தட்டுங்கள். பி25 இலவம்பஞ்சு மாதிரி. 75 மில்லிலீற்றர் வரை ஏறி நிற்கும். 15 மில்லிலீற்றருக்குள் அடங்கிவிட்டால் கையில் இருப்பது பெயின்ற் கடைச் சரக்கு. அதுவும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத்தான், பொய் இல்லை. ஆனால் பெயின்றுக்கானது பெரும்பாலும் 200 முதல் 300 நனோமீற்றர் ரூட்டைல். வெயிலில் பெயின்ற் உதிராமல் இருக்க அலுமினா, சிலிக்கா மேற்பூச்சுப் போட்டு ஒளியூக்கத்தை வேண்டுமென்றே அடக்கி வைத்தது. பொட்டலம் பிரித்து விற்கிற இடத்தில் இந்த மாற்று எளிதாக நடந்துவிடும். (புல்மோட்டை மணலில் இல்மனைற்றும் ரூட்டைலும் கிடக்கும் நாட்டில் பொடியை மட்டும் இறக்குமதி செய்கிறோம் என்பது வேறு கதை.)

அடுத்த பொறி விளக்கு. அனடேசைக் கிளப்ப 387 நனோமீற்றரோ அதற்குக் குறைந்த அலைநீளமோ உள்ள கழியூதா (அல்ட்ரா வயலட்) ஒளி வேண்டும். நோட்டுப் பரிசோதிக்க விற்கிற மலிவான ஊதா எல்இடி டோர்ச்சுகளில் பல 395 நனோமீற்றர் வகை. கண்ணுக்கு ஊதாவாக எரியும், சாயமும் மிக மெதுவாக வெளுக்கும், ஆள் பொடியைத் திட்டுவார். 365 என்று குறித்த விளக்கை வாங்குங்கள். சாதாரண ஆய்வுகூடக் கண்ணாடி முகவை 365ஐ விட்டுவிடும், 254ஐ விடாது. 254இல் எரியும் கிருமிகொல்லி விளக்கை முகவைக்கு வெளியே வைத்துவிட்டுப் பலன் வரவில்லை என்பதில் அர்த்தமில்லை. அதற்குக் குவார்ட்ஸ் வேண்டும், கண்ணுக்கும் தோலுக்கும் மறைப்பும் வேண்டும்.

இனி சோதனை. மெதிலீன் நீலம் லீற்றருக்கு 5 மில்லிகிராம் போதும். பலரும் 10 எடுக்கிறார்கள். 1 சென்ரிமீற்றர் கலத்தில் உறிஞ்சல் 2ஐத் தாண்டி, பழைய நிறமானி பொய் சொல்லத் தொடங்கிவிடும். 100 மில்லிலீற்றர் கரைசலுக்கு 0.05 கிராம் பொடி. காந்தக் கலக்கியில் இருட்டில் 30 நிமிடம். இந்த இருட்டு நேரத்தை வெட்டினால் துகளில் ஒட்டிக்கொண்ட சாயமும் அழிந்த சாயமாகக் கணக்கில் ஏறிவிடும். பிறகு விளக்கைப் போட்டு 10 நிமிடத்துக்கு ஒருதரம் 3 மில்லிலீற்றர் எடுத்து, துகளைப் பிரித்து, 664 நனோமீற்றரில் வாசிக்க வேண்டும். பூச்சிய நேரச் செறிவை அந்தந்த நேரச் செறிவால் வகுத்து, இயற்கை மடக்கை எடுத்து நேரத்துக்கு எதிரே வரைந்தால் ஆரம்பப் பகுதி நேர்கோடாக வரும். சரிவுதான் வீத மாறிலி.

துகளைப் பிரிப்பதில்தான் பாதிப்பேர் வழுக்குகிறார்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்று மையநீக்கியில் பி25 முழுவதும் இறங்காது. மேலே பால் போல மெல்லிய கலங்கல் நிற்கும். அந்தக் கலங்கல் ஒளியைச் சிதறடிப்பதால் சாயம் இன்னும் இருப்பது போல வாசிப்பு வரும். 10,000 சுற்றில் 10 நிமிடம் வையுங்கள். முடியாவிட்டால் 0.22 மைக்ரோமீற்றர் ஊசி வடிகட்டி. ஆனால் வடிகட்டித் தாளும் நீலத்தைக் குடிக்கும், செலுலோசுத் தாள் இன்னும் மோசம். முதல் 1 மில்லிலீற்றரை ஊற்றிவிட்டு, பொடி போடாத கரைசலையும் அதே வடிகட்டியில் விட்டு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். 750 நனோமீற்றரிலும் ஒரு வாசிப்பு எடுத்தால் நல்லது. சாயம் அங்கே ஏறக்குறைய ஒன்றும் உறிஞ்சாது. அங்கே எண் வந்தால் அது துகள்.

பொடி இல்லாமல் விளக்கு மட்டும், விளக்கு இல்லாமல் பொடி மட்டும் என்ற இரண்டு ஒப்பீடும் இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புவதே நியாயம். மெதிலீன் நீலம் தானாகவும் வெளுக்கும். தெரியும் ஒளியைத் தானே வாங்கி இலத்திரனைப் பொடிக்குத் தள்ளவும் செய்யும். வெள்ளை எல்இடி பல்பில் பி25 வேலை செய்தது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பார்த்திருப்பார்கள். நிறம் போனதால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்றும் இல்லை. சாயத்தின் மெதில் கூட்டங்கள் ஒவ்வொன்றாய்க் கழலும்போதே உறிஞ்சல் உச்சி 664இலிருந்து குறுகிய அலைநீளத்துக்கு நகர்ந்துவிடும், மூலக்கூறின் வளையம் அப்படியே கிடக்கும்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. ஒளி பட்டுப் பொடியில் பிரிந்த இலத்திரனை வாங்கிக்கொள்ளக் கரைந்த ஒட்சிசன் தேவை. நுவரெலியாவில், 1,868 மீற்றர் உயரத்தில், காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். ஆனால் குளிர் கைகொடுக்கிறது: 15 பாகையில் அங்கே லீற்றருக்கு 8 மில்லிகிராம் அளவு கரையும், கொழும்பில் 30 பாகையில் 7.5 அளவு. ஆகவே மேலே ஒட்சிசன் போதாது என்ற சாக்கு செல்லாது. உண்மையான தொல்லை மூடுபனிதான். டப்பா திறந்து கிடந்தால் பொடி ஈரம் வாங்கிக் கட்டி தட்டும், நிறையும் பிழைக்கும். 105 பாகையில் 2 மணி நேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட உலர்த்தியில் ஆறவிட்டு நிறுங்கள். 600 பாகைக்கு மேல் சுட்டால் அனடேஸ் ரூட்டைலாக மாறத் தொடங்கும்.

தேயிலைக் கழிவுநீரில் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள்: வெள்ளைப் பீங்கானில் ஒரு சிட்டிகை பி25 வைத்து ஒரு துளி பிளேன்டீ விடுங்கள். பொடி செம்மஞ்சளாய்க் கறுத்துவிடும். தேயிலையின் பொலிபீனோல்கள் தைத்தேனியத்தோடு நேரே பிணைந்துகொள்வதால் வரும் நிறம் அது, சாயம் ஊறிய கறை இல்லை. அழுத்திக் கழுவினாலும் லேசில் போகாது. மேற்பரப்பு முழுவதையும் அவை பிடித்துக்கொண்டால் மற்ற அழுக்குக்கு இடமில்லை. போதாததற்குத் தேயிலைச் சாயமே கழியூதாவைக் குடித்துவிடும். பத்து மடங்காவது ஐதாக்காமல் தொடாதீர்கள்.

குடிதண்ணீருக்கு வருவோம். வாளித் தண்ணீரில் இதைக் கலக்கி வெயிலில் வைக்கலாம் என்ற யோசனை காகிதத்தில் அழகு. மாலையில் அந்தப் பொடியை எடுப்பது எப்படி? துணி பிடிக்காது, மண்சட்டி வடிகட்டியை அடைத்துவிடும். தெளிந்த தண்ணீரைப் பெற் போத்தலில் நிரப்பி 6 மணி நேரம் நல்ல வெயிலில், மேகமென்றால் 2 நாள், வைப்பது பொடியே இல்லாமல் கிருமியைக் கொல்லும். கொதிக்க வைத்தால் இன்னும் நிச்சயம். துகளை ஏதாவது ஒன்றில் ஒட்டிவைத்தால்தான் தண்ணீருக்குள் இதற்கு எதிர்காலம். இலங்கை விஞ்ஞானி கிர்த்தி தென்னகோன் குழுவினர் பொலித்தீன் படலத்தில் ஒட்டிப் பார்த்து 1995இலேயே வெளியிட்டிருக்கிறார்கள். செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

பொடி பறக்கும். மூச்சோடு போகும் தைத்தேனியம் ஈரொட்சைட்டை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2பி வகையில், அதாவது புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற வரிசையில் வைத்திருக்கிறது. என்95 முகமூடி போட்டு, மின்விசிறியை நிறுத்தி நிறுங்கள். சிந்தினால் தும்புத்தடியை எடுக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பாவித்த கலவையை ஓடைக்குப் போகும் கானில் ஊற்ற வேண்டாம், பி.எச்.ஐ 6.5 அளவுக்கு உயர்த்தி ஓர் இரவு விட்டால் பெரும்பகுதி அடியில் இறங்கிவிடும்.

வாங்கும்போது கிலோக்கணக்கில் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மேலே சொன்ன சோதனை ஒன்றுக்கு 0.05 கிராம், 25 கிராமில் 500 தடவை செய்யலாம்.