எக்ஸ்ப்ளோரர் ஓ.எல்.27: விட்பி கடற்கரையும் மேட்டுநிலமும் ஒரே தாளில்

இங்கிலாந்தின் வடகிழக்கில் விட்பி முதல் ஸ்கார்பரோ வரையுள்ள கடற்கரை, அதன் பின்னால் ஏறிக் கிடக்கும் நார்த் யார்க் மூர்ஸ் மேட்டுநிலத்தின் கிழக்குப் பாதி: இவ்வளவும் பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில், ஆரஞ்சு அட்டை போட்ட ஓ.எல்.27 வரைபடத்தில் அடங்குகிறது. நடப்பவர்களுக்கென்று விற்கப்படுவது. நடக்கவும் நன்றாகவே உதவுகிறது. ஆனால் அந்த வட்டாரத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு இதைவிட மலிவான, இதைவிட அடர்த்தியான ஆவணம் கிடைப்பது அரிது. குறை என்று சொன்னால் அது பெரும்பாலும் கடல் பக்கத்தில்தான்.

அளவை 1:25,000. தாளில் 4 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. இதே பகுதியின் வடபாகத்துக்கு இளஞ்சிவப்பு அட்டையில் லேண்ட்ரேஞ்சர் 94 என்று 1:50,000 தாளும் உண்டு. பரப்பு அதிகம் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். வயல் சுவர்கள் அதில் இல்லை. எக்ஸ்ப்ளோரரில் ஒவ்வொரு கல்சுவரும் வேலியும் மெல்லிய கருங்கோடாக இருக்கும். கடல்மூட்டம் ஏறி இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாத நாளில், "மூன்றாவது சுவரைத் தாண்டி இடப்பக்கம்" என்று எண்ணிக்கொண்டு போக இந்தக் கோடுகள்தான் துணை.

பாதைக் குறிகளில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பச்சையில் குறுங்கோடுகள் நடப்பவர்களுக்கான பொதுப்பாதை. பச்சையில் நீளக் கோடுகள் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. பச்சை என்பது சட்டப்படியான உரிமையைத்தான் சொல்கிறது, தரையில் தடம் இருக்கிறது என்று சொல்லவில்லை. புதர்ச்செடி மூடிய மேட்டில் பச்சைக் கோடு போன இடத்தில் ஒற்றையடித் தடம்கூட இல்லாமல் இருக்கலாம். கருப்புக் கோடு நேர் எதிர்: தடம் இருக்கும், நடக்க உரிமை உண்டா என்பதற்கு அது சான்றில்லை. இளமஞ்சள் பூசிய பகுதிகள் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரும் கால்நடையாகத் திரியக்கூடிய திறந்த நிலம். ஆனால் குரௌஸ் பறவை வேட்டைக்கு வைத்திருக்கும் மேடுகளில் நாய்க்குத் தடை இருக்கலாம். ஆண்டுக்கு 28 நாள் வரை உரிமையாளர் மூடியும் வைக்கலாம். தாளில் அது வராது, நுழைவாயிலில் தொங்கும் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இடக்குறி (ஓரிடத்தைச் சுட்டும் எழுத்தும் எண்ணும்) படிப்பதில் இந்தத் தாளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பிரிட்டனின் கட்டமுறையில் 100 கி.மீ. சதுரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்துகள். அப்படிப்பட்ட நான்கு சதுரங்கள் சந்திக்கும் முனை ராவென்ஸ்கார் ஊருக்குச் சற்றுத் தென்கிழக்கே, கரையோரத்தில் விழுகிறது. அதனால் விட்பியும் கோத்லண்டும் என்.இசட்., தெற்கே லாக்டன் எஸ்.ஈ., ஸ்கார்பரோ டி.ஏ. நான்காவதான ஓ.வி. சதுரத்தில் கடலும் கரைப்பாறைத் துணுக்கும் தவிர ஒன்றுமில்லை. வேடிக்கையாகத் தோன்றும், ஆபத்து நேரத்தில் மீட்புக் குழுவிடம் எழுத்தை விட்டுவிட்டு ஆறு இலக்கத்தை மட்டும் சொன்னாலோ, பழைய எழுத்தையே சொன்னாலோ, சொன்ன இடம் 100 கி.மீ. தள்ளிப் போய்விடும். கோத்லண்டிலிருந்து தெற்கே இரண்டு கி.மீ. நடந்தாலே எழுத்து மாறிவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ராபின் ஹூட்ஸ் பேயின் கீழூரை எடுத்துக்கொள்வோம்: என்.இசட். 953 049. கிழக்கு எண் முதலில். 95 என்ற நிலைக்கோட்டைப் பிடித்து வலப்பக்கம் 12 மி.மீ.; பிறகு 04 என்ற கிடைக்கோட்டிலிருந்து மேலே 36 மி.மீ. மூன்றாவது இலக்கத்தின் ஒவ்வொரு எண்ணும் தாளில் 4 மி.மீ., தரையில் 100 மீட்டர். வரிசையை மாற்றிப் படித்தால் வேறெங்கோ போய் நிற்பீர்கள்.

தூரம் அளக்கும்போது கரையோரம் ஏமாற்றும். விட்பி மடத்திலிருந்து ராபின் ஹூட்ஸ் பேக்கு நேர்க்கோட்டில் 8 கி.மீ.; செங்குத்துப் பாறை விளிம்பில் கிளீவ்லண்ட் வே என்ற நெடுநடைப் பாதையைப் பிடித்து நடந்தால் 10, 11 கி.மீ. ஆகிவிடும். சிற்றோடைகள் கடலுக்கு இறங்கும் இடமெல்லாம் பாதையும் இறங்கி ஏறும். 1892-இல் நெய்ஸ்மித் வகுத்த கணக்கே இன்றும் போதும்: மணிக்கு 5 கி.மீ., ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கூடுதலாக 10 நிமிடம். சமவுயரக் கோடுகளின் இடைவெளி எக்ஸ்ப்ளோரர் வரிசையில் தாளுக்குத் தாள் 5 அல்லது 10 மீட்டர் என்று மாறும். எண்ணத் தொடங்குமுன் ஓரக் குறிப்பைப் பாருங்கள்.

இனி வரலாறு. பெயர்களிலிருந்து தொடங்கலாம். விட்பி, அகல்பார்ன்பி என்று "பி"யில் முடிவன எல்லாம் வைக்கிங் குடியேறிகள் விட்டுப்போன ஊர்ப்பெயர்கள். "பெக்" என்றால் ஓடை, "ரிக்" என்றால் முகடு, "வைக்" என்றால் சிறு குடா, "ஸ்கார்" என்றால் கடல்நீர் வற்றும்போது வெளிப்படும் பாறைத்தட்டு. "ஹவ்" என்று முடிந்தால் அங்கே பெரும்பாலும் வெண்கலக் கால ஈமமேடு இருக்கும். தொல்லிடங்களின் பெயரை ஆர்ட்னன்ஸ் சர்வே இரண்டு விதமான எழுத்தில் அச்சிடுகிறது: ரோமர் காலத்தவை தனி எழுத்துருவில், மற்றவை பழைய காதிக் எழுத்தில். காதார்ன் என்ற ரோமப் படைமுகாம்களை அப்படியே கண்டுபிடித்துவிடலாம். வீல்டேல் மேட்டிலுள்ள கல்பாவிய பாதைதான் விவகாரமானது. நெடுங்காலம் ரோமச் சாலை என்றே நம்பப்பட்டது. அதைவிட மிகப் பழைய எல்லைக்கரையாக இருக்கலாம் என்று இன்று தொல்லியலாளர்கள் சிலர் சொல்கிறார்கள். எழுத்துருவைப் பார்த்துக் காலத்தை முடிவு கட்ட வேண்டாம்.

தாளில் எனக்குப் பிடித்த மூலை ராவென்ஸ்கார். ஊருக்குப் பக்கத்துச் சரிவில் கைவிட்ட பாறைவெட்டுகளின் குறி தெரியும். 17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1860-கள் வரை இங்கே படிகாரம் காய்ச்சினார்கள். களிக்கல்லை மலையாகக் குவித்து மாதக்கணக்கில் எரித்து, நீரில் ஊறவைத்து, கடற்பாசிச் சாம்பலோ பழஞ்சிறுநீரோ சேர்த்துப் படிகமாக்குவது முறை. துணிச்சாயம் நிலைக்கப் படிகாரம் வேண்டும். அதற்காகச் சிறுநீர் பீப்பாயில் கப்பலேறி வந்தது. அதே ஊரின் மேல்புறம் சில தெருக்கோடுகள் வீடுகளுக்குச் சம்பந்தமில்லாமல் நேராக ஓடும். 1890-களில் ஸ்கார்பரோவுக்குப் போட்டியாக ஒரு உல்லாச நகரம் எழுப்பப் போட்ட தெருக்கள் அவை. கடற்கரைக்கு இறங்கச் செங்குத்தான சரிவு, மேலே ஓயாத காற்று. மனை வாங்க ஆள் வரவில்லை, 1913-இல் நிறுவனம் திவாலானது.

ஊரின் வழியே வளைந்து போகும் தடம் 1885-இல் திறந்து 1965-இல் மூடிய ஸ்கார்பரோ–விட்பி ரயில்பாதை. இப்போது நடைக்கும் சைக்கிளுக்குமான சிண்டர் டிராக். ராபின் ஹூட்ஸ் பே பக்கமிருந்து ராவென்ஸ்காருக்கு ஏறும் சரிவு 39-க்கு 1. ரயிலுக்கு அது கொடுமை, சைக்கிளுக்கும் லேசில்லை.

கடல் விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்துத் தாள்களில் கரைக்கோடு சராசரி ஏற்ற, வற்ற நிலைகளைக் கொண்டு வரையப்பட்டது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் நீர் அந்தக் கோட்டையும் தாண்டும். ராபின் ஹூட்ஸ் பேயிலிருந்து பாகிள் ஹோல் வழியாக ராவென்ஸ்கார் பக்கம் மணலில் நடப்பது தாளில் சுலபமாகத் தெரியும். நீர் ஏறினால் பாறையடி வரை வந்துவிடும், இடையில் மேலேறும் வழிகள் சில மட்டுமே. விட்பி ஏற்றவற்ற அட்டவணையைத் தனியாக வாங்கி, நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்புங்கள். பாறை விளிம்புப் பாதையும் நிலையானதல்ல. 1780-இல் ராபின் ஹூட்ஸ் பேயின் பழைய முதன்மைத் தெருவே சரிந்து கடலுக்குப் போனது. சரிவு இன்றும் நிற்கவில்லை. பாதையை உள்நோக்கி நகர்த்தியிருந்தால் கம்பத்திலுள்ள ஏகோர்ன் (ஓக் மரக்கொட்டை) குறியைப் பின்பற்றுங்கள், தாளை அல்ல.

ஒரு கிளைச்செய்தி: அடிக்கோடு ஒன்றை அளந்து, அதிலிருந்து முக்கோணங்களால் நாட்டை அளக்கும் வேலையைப் பிரிட்டனில் வில்லியம் ராய் 1784-இல் லண்டனுக்கு மேற்கே ஹௌன்ஸ்லோ ஹீத்தில் தொடங்கினார், ஆர்ட்னன்ஸ் சர்வே 1791-இல் பிறந்தது. அதே முறையில்தான் 1802 ஏப்ரலில் இந்தியாவை அளக்கப் புறப்பட்ட வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே தன் அடிக்கோட்டை அளந்தார்.

தாள் இருபக்கமும் அச்சானது. விரித்தால் ஒரு மேசை போதாது. காற்றில் விரிக்கவே முடியாது, அன்றைய பகுதி மேலே வரும்படி வீட்டிலேயே மடித்து நீர்புகா உறையில் போட்டுக்கொள்ளுங்கள். மடிப்பு முனைகள்தான் முதலில் கிழியும். மேலுறை பூசிய ஆக்டிவ் பதிப்பு மழையைத் தாங்கும், ஆனால் தடிமன் அதிகம், பென்சில் ஏறாது. அட்டையின் உட்புறம் சுரண்டினால் கைப்பேசிக்கு இதே தாளை இறக்கிக்கொள்ளும் எண் இருக்கும். பழைய புத்தகக் கடையில் வாங்குபவர்கள் அது சுரண்டப்படாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.