உப்புவெளி வயலின் கிளாஸ்: எட்டு மாசம் அனுப்பிப் பார்த்திட்டு எழுதிறன்

திருகோணமலையில பிள்ளைக்கு வயலின் எங்க பழக்கலாம் எண்டு கேக்கிற ஆக்களுக்காகத்தான் இது. என்ர மகள் உப்புவெளிப் பக்கம் ஒரு சேரிட்ட எட்டு மாசமாப் போறா, சனி ஞாயிறு பின்னேரம், மாதம் 2500 ரூபா. சேர் மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில படிச்சவர். பகல்ல பள்ளிக்கூடத்தில சங்கீத ஆசிரியர், திருவிழாவெண்டா கோயில் கச்சேரி, மற்ற நேரம் பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்குப் பக்கவாத்தியம். கச்சேரிக் காசில மட்டும் எங்கட ஊரில சீவிக்க ஏலாதுதானே.

மகள் முதல் வேற இடத்தில ரெண்டு வருசம் படிச்சவ, வட இலங்கை சங்கீத சபைச் சோதினையும் நல்ல மார்க்ஸோட பாஸ், ஆனா கமகம், அதாவது சுரத்தை ஆட்டி அசைச்சு வாசிக்கிறது, வராது, ஏன் வரேல்ல எண்டு அங்க ஒருத்தரும் சொல்லவும் இல்ல. இங்க முதல் நாள் சேர் பாட்டு ஒண்டும் கேக்கேல்ல, அவட இடது கையைத்தான் பார்த்தவர். கடதாசித் துண்டு ஒண்டை வயலின்ர கழுத்துக்கும் அவட கைக்கும் நடுவில விட்டு, வாசி எண்டு சொல்லிப்போட்டு மெதுவா இழுத்தார், கிழிஞ்சு போச்சு. அவ்வளவு இறுக்கம். வெள்ளைக்காரர் நிண்டு நாடியில தாங்கி வாசிக்கிற வாத்தியம், முத்துசுவாமி தீட்சிதரின்ர தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில எங்கட சங்கீதத்துக்கு வந்தது, நாங்க நிலத்தில இருந்து அதின்ர தலையை வலது கணுக்கால்ல வைக்கிறதே இடது கையில பாரம் இல்லாம விரல் மேலயும் கீழயும் ஓடத்தான் பிள்ளை எண்டு சொன்னார். பிறகு மூண்டு கிழமை ச ப ச ப எண்டு வெறும் கம்பியில நீள வில்லுத்தான், எனக்குப் பொறுமை போச்சு. நாலாவது கிழமை வீட்டில மோகன ராகம் வாசிக்கேக்க அந்தக் காந்தாரம், ‘க’ சுரம், ஆடினதைக் கேட்டு நான் குசினியால வெளியில ஓடி வந்தன்.

கிளாஸுக்கு முதல் அரை மணித்தியாலம் சேர் தன்ர சாதகம், அதாவது பயிற்சி, செய்வார், பிள்ளைகள் இருந்து கேப்பினம். கச்சேரியில பாடுற ஆள் என்ன சங்கதி போடுவார், வரியை எப்பிடி மாத்திப் பாடுவார் எண்டு முன்னமே தெரியாது, காதாலதான் பிடிக்க வேணும் எண்டு கொப்பியை மூடச் சொல்லிப்போட்டுப் பாடுவார், இவையள் உடன திருப்பி வாசிக்க வேணும். மேடையில இருக்கிற ஆளுக்குத்தான் இப்பிடிப் பழக்கத் தோணும்.

குறை எண்டா, திருவிழாக் காலத்தில கிளாஸ் நிக்கும். ஒருக்கா மூண்டு கிழமை தொடர்ந்து இல்ல, மெசேஜும் அண்டைக்குக் காலமைதான் வந்தது. பதில் வகுப்புத் தந்தவர், எண்டாலும் ஒண்டு இன்னும் பாக்கி.

வயலின் வாங்க முதல் அவரிட்டக் காட்டுங்கோ. கடற்கரைப் பக்கம் வீடெண்டா கம்பி கெதியாத் துருப்பிடிக்கும், வாசிச்சு முடிய ஒவ்வொரு நாளும் துணியால துடைக்க வேணும், வில்லையும் தளர்த்தி வைக்க வேணும். கம்பியை முறுக்கிற பிருடை மாரியில இறுகும், கச்சான் காத்துக்கு வழுக்கும், வழுக்கினா வெண்கட்டி பூசவும் பிள்ளைக்கே காட்டிக் குடுப்பார். புதுப் பிள்ளைகளை எடுக்கிறது தை மாசத்தில, அதுவும் ஒரு கிளாஸுக்கு அஞ்சு பேர்தான், முந்திக் கேட்டு வையுங்கோ.