பழைய செட்டாப் பாக்ஸை எச்டி ஆக்கும் பெட்டியாம்! 2,340 ரூபாய் போச்சு, நீங்களாவது வாங்காதீர்கள்

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். இன்று மதியம் ஒரு மணிக்குத்தான் அந்தக் கடைக்காரன் என் நம்பரை பிளாக் செய்தான். போனது 2,340 ரூபாய். பழைய செட்டாப் பாக்ஸை வைத்துக்கொண்டே படத்தைத் தெளிவாக்க என்ன வழி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இன்று தூக்கம் வராது.

போன மாதம் அம்மாவுக்கு மதுரையில் கண்புரை அறுவை நடந்தது. வீட்டில் இருந்தது 21 இஞ்ச் குண்டு டிவி. கண் தெளிந்து வரும்போது பெரிய திரையில் பார்க்கட்டுமே என்று 43 இஞ்ச் எல்இடி வாங்கினேன். பாக்ஸ் மட்டும் பழசு, கேபிள் கனெக்‌ஷன் டிஜிட்டலுக்கு மாறியபோது கொடுத்தது. அதில் எச்டி படம் வருகிற எச்டிஎம்ஐ ஓட்டை கிடையாது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்தான். புது டிவியில் அந்த மூன்று ஓட்டைக்கும் இடமில்லை, ஒரே ஒரு சின்னத் துளை. அதற்கென்று டிவியோடு வந்த வால் வயரைப் போட்டு நானே சொருகினேன்.

அம்மா வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். "ஆபரேஷன் சரியா பண்ணலடா. மங்கலாத்தான் தெரியுது. எல்லாரும் ஊதிப்போயி இருக்காக" என்றாள். காலண்டரில் பொடி எழுத்தில் இருக்கும் ராகு காலத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறவள் சொல்கிறாள்! டிவிதான் மங்கல், உன் கண் இல்லை என்று நானும் மனைவியும் மாற்றி மாற்றிச் சொல்லியும் நம்பவில்லை. மறுநாள் மருத்துவருக்குப் போன் செய்யச் சொல்லி அடம்.

அன்று ராத்திரி போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த விளம்பரம் வந்தது. திரையைப் பாதியாகப் பிரித்திருந்தார்கள். இடது பக்கம் சேறு மாதிரி படம், வலது பக்கம் கண்ணாடி மாதிரி. 'பழைய பாக்ஸை மாற்ற வேண்டாம், இந்த ஒரு பெட்டி போதும், 1080பி ஃபுல் எச்டி.' கீழே ஒரு நம்பர். எனக்காகவே வந்தது போல இருந்தது. மணி பத்தரை. சும்மா ஒரு மெசேஜ் போட்டேன், உடனே அவனே கூப்பிட்டுவிட்டான்.

இங்கேதான் விழுந்தேன். நம்ம ஊர்ப் பேச்சு. எடுத்ததும் "சொல்லுங்கண்ணே, சாப்டீங்களா?" வில்லங்கம் பிடித்தவன் குரல் இப்படியா இருக்கும்! பாக்ஸின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். "இதுக்குச் சூப்பரா வேலை செய்யும்ணே" என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். அம்மா கண் விஷயத்தை எல்லாம் கொட்டினேன். ஒரு நிமிஷம் பேச்சைக் காணோம். அப்புறம் சொன்னான்: "அண்ணே, எங்க அம்மாவுக்கும் போன வருஷம் இதே ஆபரேஷன்தான். நீங்க பணத்தைப் பத்தி யோசிக்காதீங்க, பிடிக்கலைன்னா ஏழு நாள்ல திருப்பி எடுத்துக்கிறேன்." அந்த ஒரு வார்த்தையில் கரைந்து போனேன். விலை 2,500. வீட்டுக்கு வந்ததும் பணம் தரலாமா என்று கேட்டதற்கு, முன்னாலேயே யுபிஐயில் போட்டால் 160 ரூபாய் குறைவு என்றான். 160 ரூபாய்க்கு ஆசைப்பட்டு 2,340 ரூபாயைப் படுக்கையில் இருந்தபடியே அனுப்பினேன். அவன் அம்மாவுக்கு உண்மையிலேயே ஆபரேஷன் நடந்ததா என்று இப்போது வரைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளை டப்பா. பாக்ஸிலிருந்து வருகிற மஞ்சள் வயரை எங்கே சொருகுவது என்று பார்த்தால், அந்தப் பக்கத்தில் 'அவுட்' என்று போட்டிருக்கிறது. எச்டிஎம்ஐயை ஏவியாக, அதாவது அந்த மூன்று வயருக்கு மாற்றுகிற டப்பாவை அனுப்பியிருக்கிறான். எனக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்! இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், எழுத்தைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். கேட்டால், "ஐயோ அண்ணே, பேக்கிங் பையன் மாத்திட்டான்" என்று சிரிக்கிறான். மாற்றி அனுப்பினான். அதற்கு ஆறு நாள். அவன் சொன்ன ஏழு நாள் கணக்கு இதற்குள் முடிந்துபோனது, அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டாவது டப்பா சரியான டப்பா. அதற்கு மின்சாரம் வேறு கொடுக்க வேண்டும், சார்ஜர் கூட வைக்கவில்லை, என் பழைய போன் சார்ஜரைச் சொருகினேன். பக்கத்தில் 720, 1080 என்று ஒரு சின்ன ஸ்விட்ச். 1080-க்குத் தள்ளினேன். டிவியும் மூலையில் '1080பி' என்று காட்டியது. ஒரு நொடி மனசு குளிர்ந்தது. படம் அதே சேறு. போதாக்குறைக்கு வாய் அசைந்த பிறகுதான் பேச்சு வருகிறது. அம்மா, "காதுக்கும் ஆபரேஷன் பண்ணணும் போல" என்றாள்.

அன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் பழைய எஸ்டி, அதாவது எச்டி அல்லாத சாதாரணப் படத்தில் அதிகபட்சம் 720-க்கு 576 புள்ளி, அதாவது 4,14,720. ஃபுல் எச்டி என்றால் 1920-க்கு 1080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. மீதி நாலு பங்கை இந்த டப்பா எங்கிருந்து கொண்டுவரும்? இருக்கிற புள்ளியை இழுத்து நிரப்பத்தான் முடியும். அந்த வேலையை டிவி ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறது, அநேகமாக இதைவிட நன்றாக. மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வருவதால் ஓரங்களில் நிறம் கசியும். கலந்ததைப் பிரிக்கும்போது போனது போனதுதான். 21 இஞ்ச்சில் இது தெரியவில்லை. 43 இஞ்ச்சில் கிட்டத்தட்ட நாலு மடங்கு பரப்பு, எல்லாம் வெளியே வந்துவிட்டது. இதைப் பணம் அனுப்புவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கு.

அதற்குப் பிறகு நடந்தது கூத்து. முதலில் "வயரை மாத்திப் பாருங்கண்ணே." மாற்றினேன். "டிவி மாடல் நம்பர் அனுப்புங்க." அனுப்பினேன். "பாக்ஸைப் பத்து நிமிஷம் ஆஃப் பண்ணி வைங்க." வைத்தேன். "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க." கூப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து நானே கூப்பிட்டால், 'அண்ணே' போய் 'சார்' ஆகியிருந்தேன். "சார், ரீஃபண்ட் பாலிசி கிடையாது, எக்ஸ்சேஞ்ச் ஒரு தடவைதான், அதுவும் முடிஞ்சிருச்சு." தப்பான பொருளை அனுப்பியது நீ, அது எக்ஸ்சேஞ்ச் கணக்கா என்றேன். "சீலை உடைச்சிட்டீங்க சார்." உடைக்காமல் எப்படி அய்யா சொருகிப் பார்ப்பது? போனை வைத்துவிட்டான். இன்று காலையில் மூன்று மெசேஜ், படித்ததற்கான நீல டிக் மட்டும். மதியம் அதுவும் நின்றது. மனைவி போனிலிருந்து கூப்பிட்டேன். இரண்டாவது ரிங்கில் எடுத்து, "சொல்லுங்கக்கா, சாப்டீங்களா?" என்றான். என் குரலைக் கேட்டதும் கட்.

வயிறு எரிய எரிய கேபிள்காரரைக் கூப்பிட்டேன். முதலிலேயே இவரைக் கூப்பிட்டிருந்தால் 2,340 ரூபாய் பையில் இருந்திருக்கும். வந்தார், ரிமோட்டை வாங்கி பாக்ஸின் மெனுவுக்குள் போனார். படத்தின் அகல உயரக் கணக்கு பழைய குண்டு டிவிக்கான 4:3 லெட்டர்பாக்ஸ் என்று இருந்தது, அகலத் திரைக்கான 16:9 என்று மாற்றினார். மேலும் கீழும் இருந்த கறுப்புப் பட்டை போய்விட்டது. 576 வரியில் 144 வரி அந்தப் பட்டைக்கே செலவாகிக்கொண்டிருந்ததாம், மிச்சத்தைத்தான் டிவி அகலமாக இழுத்து எல்லோரையும் ஊத வைத்திருக்கிறது. பிறகு டிவியில் 'விவிட்' என்று இருந்ததை 'சினிமா' ஆக்கி, ஷார்ப்னஸைப் பாதிக்கும் கீழே இறக்கினார். ஐந்து நிமிஷ வேலை. டீ மட்டும் குடித்தார். எச்டி ஆகிவிடவில்லை, ஆனால் அம்மா, "இப்பதான் மூஞ்சி மூஞ்சியா இருக்கு" என்றாள். டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்த கேபிள்காரர், பஜாரில் முந்நூறு நானூறுக்குக் கிடைக்கும் என்றார். எச்டி பாக்ஸே தன்னிடம் 1,600 ரூபாய்தான் என்று வேறு சொன்னார். நான் கொடுத்தது 2,340!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாக: பாக்ஸ் மெனுவில் 16:9 வையுங்கள், வண்ணம் இல்லாமல் கறுப்பு வெள்ளையாக வந்தால் மெனுவில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று இருக்கும் வண்ண முறை செட்டிங்கைப் பாருங்கள். பாக்ஸுக்குப் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், சில பாக்ஸில் ஸ்டிக்கர் ஒட்டி மறைந்திருக்கும். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் அது சிக்னல் கோளாறு, மங்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எச்டி வேண்டுமென்றால் எச்டி பாக்ஸும் எச்டி சேனலும் வேண்டும், வேறு வழி கிடையாது. முன்பணம் அனுப்பாதீர்கள். அம்மா கதையை யாரிடமும் சொல்லாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சாயங்காலம் பேசினேன், புகார் எண் கொடுத்தார்கள். விற்றவர் முகவரி என்ன என்று கேட்டார்கள். அது பார்சல் அட்டையில் இருந்தது. அட்டையை மனைவி நேற்றே குப்பையில் போட்டுவிட்டாளாம். வண்டி காலை ஆறரைக்கு வரும், அதற்குள் தெருமுனைத் தொட்டியில் தேடப் போகிறேன்.