முதல் குண்டு: என் .338 ரைஃபிளோடு ஏழு வருடம்

போன மாதம் குழல் மாற்றி எடுத்து வந்தேன். பழைய குழலில் 1,900 தோட்டாவுக்கு மேல் போயிருந்தது. நெடுந்தூரம் சுடுவதற்கான கனமான தோட்டா .338 லாப்புவா மேக்னம், அதற்கு அது குறை சொல்ல முடியாத ஆயுள். சாப்பாட்டு மேசையில் துணி விரித்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது மைத்துனன் வந்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன், இதைவிடச் சின்னதான .308 ரைஃபிளில் நன்றாகச் சுடுவான். "அத்தான், நானும் இதே மாதிரி ஒண்ணு எடுக்கட்டுமா?" என்றான். அன்றைக்குச் சரியான பதில் சொல்லவில்லை. அவனுக்காகவும், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எடை, குழல் நீளம், விசையின் கனமெல்லாம் எங்கும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது ஒரு சந்தோஷத்தையும் ஓர் எரிச்சலையும்.

சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாரிஸ்மித் பக்கம் நண்பர் ஒருவரின் ஆட்டுப் பண்ணை. ஆயிரம் மீட்டரில் அரை மீட்டர் அகலத்தில் ஓர் எஃகுத் தகடு, சங்கிலியில் தொங்கும். விசையை அழுத்துகிறோம். தோளில் இடிக்கிறது, புழுதி எழுகிறது, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. குண்டு போய்ச் சேர ஒன்றரை வினாடிக்குக் கொஞ்சம் மேலே, ஓசை திரும்பி வர ஏறக்குறைய மூன்று வினாடி. அந்த நாலரை வினாடி நேரம் மூச்சை வெளியே விடக்கூட மனசு வராது. பிறகு எங்கோ கோயில் மணியின் நாக்கை விரலால் தட்டியதுபோல் "டிங்" என்று ஒரு சின்னச் சத்தம். ஏழு வருடம் ஆகியும் அந்தச் சத்தம் எனக்குப் பழகவில்லை. .308-இல் அந்தத் தூரத்துக்குப் போகும்போது குண்டு களைத்துப் போயிருக்கும். சில நாள் தகடு ஆடியதா இல்லையா என்றே தெரியாது. இதில் தகடு தூக்கி அடிக்கும்.

எரிச்சல், முதல் குண்டு.

இரண்டாவது குண்டு பெரும்பாலும் தகட்டில் விழும், மூன்றாவதும் விழும். முதலாவது மட்டும் விழாது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: பண்ணைக்கு 43 முறை போனதில், ஆறிய குழலிலிருந்து போன முதல் குண்டு தகட்டைத் தொட்டது 17 முறை. பாதிகூட இல்லை. முதல் இரண்டு வருடம் துப்பாக்கியைத்தான் திட்டினேன். ஸ்கோப் பிடிக்கும் வளையங்களை மாற்றினேன், முன்னால் தாங்கும் இரட்டைக் காலான பைபாடை மாற்றினேன், தோட்டாவை மாற்றினேன். ஒரு தோட்டா நூறு ராண்டுக்கு மேல் விற்கிற ஊரில் இது எவ்வளவு வலித்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் காரணத்தில் பாதி என் சுத்தத்தில் இருந்தது. ஒவ்வொரு முறையும் குழலைப் பளபளவென்று துடைத்து, எண்ணெய் தடவிப் பெட்டியில் வைப்பேன். எண்ணெய்ப் படலத்தோடு போகும் முதல் குண்டு என் குழலில் எங்கோ ஏறித்தான் அடிக்கும். துடைப்பதைக் குறைத்தேன். சுட்ட கரி கொஞ்சம் உள்ளே இருக்கட்டும் என்று விட்டேன். அந்த ஏற்றம் போய்விட்டது.

மீதிப் பாதியில் கொஞ்சம் மலையும் உண்டு. நான் இருப்பது டர்பனில், கடல் மட்டத்தில். ஹாரிஸ்மித் 1,600 மீட்டர் உயரம், அங்கே காற்று லேசு. அங்கே ஆயிரம் மீட்டருக்கு நான் ஸ்கோப்பில் ஏற்றுவது 8.6 மில். டர்பனுக்கு வடக்கே கடலோரக் கரும்புத் தோட்டப் பள்ளத்தாக்கில் அதே தோட்டாவுக்கு, அதே தூரத்துக்கு 9.2 வேண்டும். ஆயிரம் மீட்டரில் ஒரு மில் என்பது ஒரு மீட்டர், அதனால் அந்த 0.6 மில் 60 சென்டிமீட்டர் ஆகிறது. முழுத் தகடும் தப்பிவிடும். வழியில் உள்ள வான் ரீனன் கணவாய் ஏறி இறங்கும்போதெல்லாம், எந்தத் தூரத்துக்கு எத்தனை மில் என்று எழுதிய அட்டையையும் மாற்ற வேண்டும் என்பதைப் பல குண்டுகளை மண்ணில் புதைத்துத்தான் படித்தேன்.

மற்றதெல்லாம் காற்று. பக்கக் காற்றை வினாடிக்கு ஒரு மீட்டர் தவறாகக் கணித்தாலே இந்தக் கனமான குண்டுகூட ஒன்றரைச் சாண் ஒதுங்கிவிடும். இரண்டாவது குண்டு ஏன் விழுகிறது? முதல் குண்டு கிளப்பிய புழுதியைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறேன். அதில் என் கண்ணும் கணக்கும் செய்த வேலை கொஞ்சம்தான், தவறான குண்டே எனக்குப் பாடம் சொல்லிவிடுகிறது.

நம்மைப் போன்றவர்களுக்கும் படையில் இருப்பவர்களுக்கும் உள்ள இடைவெளி இங்கேதான் இருக்கிறது. தூரம் தெரிந்த தகடு, நடுவில் கொடி, பக்கத்தில் காப்பி, வேண்டிய மட்டும் திருத்தக் குண்டு: இது நம் பழக்கம். படையில் அந்த முதல் குண்டுக்குத்தான் பயிற்சி. தூரத்தைத் தானே அளந்து, பக்கத்தில் இருப்பவன் கானல் ஓடுவதைப் பார்த்துக் காற்று சொல்ல, ஆறிய குழலில் ஒன்று. தவறினால் இடம் காட்டிக் கொடுத்தாயிற்று. 2009-இல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் பிரிட்டிஷ் வீரர் கிரெய்க் ஹாரிசன் 2,475 மீட்டரில் அடித்தது இதே .338 தோட்டாவில். அதைச் சொல்லித்தான் பலர் இந்த ரைஃபிளை வாங்குகிறார்கள். அன்றைக்குக் காற்றே இல்லை, பார்வை தெளிவு, அப்படியும் தூரம் பிடிக்கச் சுமார் ஒன்பது குண்டு போனது என்பதை யாரும் சொல்வதில்லை. அவர் திறமையை நான் குறைக்கவில்லை. அந்தத் தூரத்தில் ஒரு குண்டை வைத்து ரைஃபிளை எடை போடக்கூடாது என்கிறேன். இந்த நாட்டிலேயே செய்த பெரிய ராணுவ ரைஃபிள் என்.டி.டபிள்யூ.-20-ஐ ஒரு ராணுவக் கண்காட்சியில் தொட்டுப் பார்த்தேன். 20 மில்லிமீட்டர், 14.5 மில்லிமீட்டர் என்று மாற்றிப் போட இரண்டு குழல். இரண்டு பேர் பிரித்துச் சுமக்க வேண்டிய பொருள் அது. வாகனம், ரேடார் போன்றவற்றை அழிக்கச் செய்தது. அதன் பக்கத்தில் என் .338 சைக்கிள் பம்பு.

அதற்காகச் சிவிலியன் என்றால் இளப்பம் என்று நினைத்துவிட வேண்டாம். பண்ணைக்குப் போகும் N3 சாலையிலிருந்து கொஞ்சம் விலகினால் ஸ்பியோன்கோப் குன்று. போயர் போரில், 1900 ஜனவரி 24-இல் அங்கே பிரிட்டிஷ் படையைச் சுட்டு வீழ்த்தியவர்கள் ஆடு மேய்த்த, சோளம் விதைத்த, டச்சு வழி வந்த போயர் விவசாயிகள். கையில் 7 மில்லிமீட்டர் மவுசர் ரைஃபிள். சிறு வயதிலிருந்தே மானைச் சுட்டுச் சாப்பிட்டவர்களுக்கு முதல் குண்டு தவறினால் அன்றைக்குக் கறி இல்லை. பாடம் படித்துக்கொண்ட பிரிட்டிஷ் ராணுவம் தன் சுடும் பயிற்சியையே மாற்றியது. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் அந்த ராணுவத்தின் வீரர்கள் நிமிடத்துக்கு 15 குண்டு குறி பார்த்துச் சுட்டார்கள். அந்தக் குன்றிலிருந்து காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்களில் காந்தி திரட்டிய நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையும் உண்டு. ஏறக்குறைய 1,100 பேர், அதில் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள், தமிழர்கள் நிறையப் பேர். என் மனைவியின் பூட்டனாரும் தூளி தூக்கினார் என்று அவர்கள் வீட்டில் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டும்போது பின்னால் பெட்டியில் கிடக்கும் ரைஃபிளை நினைத்துக்கொள்வேன். ஒரு குண்டு என்ன செய்யும் என்று சுட்டவனைவிடத் தூக்கிக்கொண்டு நடந்தவனுக்கு அதிகம் தெரியும்.

குழல் மாற்றிய கதையும் உண்டு. ஒரு பட்டறையில் எட்டு வாரம் என்றார்கள், ஏழு மாதம் ஆயிற்று. வந்தபோது, குழல் நுனியில் உதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக் அச்சிலிருந்து கண்ணுக்குத் தெரியும் அளவு விலகியிருந்தது. அப்படியே சுட்டிருந்தால் குண்டு பிரேக்கின் விளிம்பில் உரசியிருக்கும். திருப்பிக் கொடுத்தேன், வார்த்தையும் கொஞ்சம் தடித்தது. இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்து தந்தார்கள், காசு கேட்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

சரி, மாப்பிள்ளை, உன் கேள்வி. துல்லியத்தில் குறை இல்லை, விசை அருமை, ஏழு வருடத்தில் ஒரு தோட்டாகூட சிக்கவில்லை. ஆனாலும் வாங்காதே. உன் .308-ஐ எடுத்துக்கொண்டு என்னோடு வா. அறுநூறு மீட்டரில், ஒரு நாளைக்கு ஒரே ஒரு குண்டு, கொடி இல்லாமல். பத்து வருகையில் ஏழு முறை தகடு அடித்துக் காட்டு, அப்புறம் பேசலாம். இந்தப் பெரிய ரைஃபிள் உன் முதல் குண்டைத் திருத்தித் தராது. என்னுடைய முதல் குண்டையும் திருத்தித் தந்ததில்லை.

என் ரைஃபிளை விலைக்குக் கேட்காதே, தர மாட்டேன். சனிக்கிழமை நாலு மணிக்குக் கிளம்புகிறேன். புதுக் குழலில் ஆயிரம் மீட்டருக்கான முதல் குண்டு இன்னும் சுடவில்லை.