அம்பிஷனா, அஸ்பிரேஷனா, ட்ரைவா: முதல் வரிக்கு எது?

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மேல்மாடி அக்காவின் மகள் லாப்டொப்போடு வந்து நின்றாள். ஏ லெவல் எழுதி முடித்துவிட்டாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கத் தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். முதல் வரி: "ஐ ஆம் அ வெரி அம்பிஷஸ் கேர்ள்." மொழிபெயர்ப்புத்தான் என் பிழைப்பு, அதனால் எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் என்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். இந்த வரியையும் பல பேர் கையில் பார்த்துவிட்டேன்.

"இதில என்ன பிழை அன்ரி?"

இலக்கணப்படி ஒன்றும் இல்லை. தமிழில் யோசித்து எழுதியிருக்கிறாள், அதுதான் சிக்கல். நமக்கு இலட்சியம் என்றால் இலட்சியம். மேடையில் முழங்குகிற இலட்சியமும் டொக்டராக வேண்டும் என்ற இலட்சியமும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் அதே இடத்துக்கு மூன்று சொற்கள் முண்டியடிக்கும். ஒன்றின் கதிரையில் மற்றது உட்கார்ந்தால் வாசிப்பவரின் முகம் லேசாக மாறும்.

அம்பிஷனுக்கு லத்தீனில் 'சுற்றி வருதல்' என்றுதான் பொருள். பழைய ரோமில் தேர்தலுக்கு நிற்பவர் தெருத்தெருவாகச் சுற்றி, கைகொடுத்து வாக்குக் கேட்பார். உடுத்திருக்கும் மேலாடையை வெள்ளை வெளேரென்று வெளுக்க வைத்திருப்பார். வேட்பாளரைக் குறிக்கும் கண்டிடேட் என்ற சொல்லே அந்த வெள்ளையில் பிறந்ததுதான். வெள்ளை உடுத்து, கும்பிட்டபடி, விருப்பு வாக்கு இலக்கம் அச்சடித்த துண்டைக் கையில் திணித்துவிட்டுப் போகிறவரைக் கொழும்பில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சுற்றுவது காசு கொடுப்பதில் போய் முடிந்ததால், அதே வேரில் வந்த அம்பிட்டுஸ் என்ற சொல் ரோமச் சட்டத்தில் தேர்தல் லஞ்சத்துக்குப் பெயராகிவிட்டது. கி.மு. 63இல் ரோம அரசியல்வாதி சிசெரோ கொண்டுவந்த சட்டம் அந்தக் குற்றத்துக்குப் பத்து ஆண்டு நாடுகடத்தலை விதித்தது.

அந்தப் பழைய வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை. அம்பிஷன் என்றால் பெரும்பாலும் பதவி, பேர், பணம் என்று ஏதோ ஒன்று இருக்கும். பக்கத்தில் முந்த வேண்டிய ஆளும் ஒருவர் இருப்பார். ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொல்லும்போது அது பாராட்டாகவும் இருக்கலாம், குத்தலாகவும் இருக்கலாம். அலுவலகத்தில் ஓர் ஆணை அப்படிச் சொன்னால் பதவி உயர்வு பற்றிய பேச்சு. பெண்ணைச் சொன்னால் குரல் கொஞ்சம் தாழும். திட்டத்தைச் சொன்னால் இன்னும் மோசம்: நீங்கள் கொடுத்த வரவுசெலவைப் பார்த்து மேலாளர் "வெரி அம்பிஷஸ்" என்று சிரித்தால், இது நடக்கிற காரியமில்லை என்று அர்த்தம். என் முதல் வேலையில் அதைப் பாராட்டென்று நம்பி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னவள் நான்.

ஆனால் இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்த பிரயோகம் ஒன்று உண்டு. அம்பிஷஸ் ஃபோர் என்று போட்டு, பின்னால் இன்னொருவரைச் சேர்ப்பது: தனக்கு ஒன்றும் வேண்டாம், பிள்ளை மேலே வரவேண்டும் என்ற ஆசை. சனிக்கிழமை காலையில் ரியூஷன் வாசலில் குடையோடு காத்து நிற்கிற தாய்மாருக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியாது.

அஸ்பிரேஷன் மூச்சில் பிறந்த சொல். ஒன்றை நோக்கி மூச்சு விடுவது. முந்த வேண்டிய ஆள் இங்கே இல்லை. இலங்கைத் தமிழருக்கு இந்த வித்தியாசம் தெரியாமலே தெரியும். பத்திரிகையைத் திறந்தால் 'தமிழ் மக்களின் அரசியல் அபிலாஷைகள்' இல்லாத வாரம் உண்டா? அது ஆங்கிலத்துக்குப் போகும்போது அஸ்பிரேஷன்ஸ்தான், அதுவும் பன்மையில். எத்தனையோ அறிக்கைகளை மாற்றியிருக்கிறேன், ஒருதரமும் அம்பிஷன் என்று போட்டதில்லை. போட்டுப் பாருங்கள்: ஒரு சமூகத்தின் நியாயமான எதிர்பார்ப்பு, அடுத்தவன் காணியில் கண் வைத்தது போல ஆகிவிடும்.

விண்ணப்பத்துக்கு இதை நான் முன்னுக்கு வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. அம்பிஷனுக்கு வழக்கில் வினைச்சொல் இல்லை. இதற்கு அஸ்பயர் இருக்கிறது. "ஐ அஸ்பயர் டு" என்று தொடங்கினால் அடுத்து எதற்கு என்று சொல்லியே தீர வேண்டும். "ஐ ஆம் அம்பிஷஸ்" எதையும் கேட்காது. முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் போகலாம்.

குறையும் உண்டு. விளம்பரக்காரர்கள் இதைப் பிடித்து, இன்னும் வாங்க முடியாத பொருளுக்கெல்லாம் அஸ்பிரேஷனல் என்று பேர் வைத்துவிட்டார்கள். வெறும் மூச்சாகவே நின்றுவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. (மேல்மாடி அக்கா தாதியாக இருந்தவர். அஸ்பிரேஷன் என்றதும் "சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள போறதெல்லோ அது?" என்றார். அதுவும் சரிதான்.)

ட்ரைவ் கையில் கம்போடு மாட்டை ஓட்டுகிற சொல். எங்கே போக வேண்டும் என்பது அதற்குள் இல்லை. நிற்காமல் தள்ளுகிற விசை மட்டும் இருக்கிறது. தமிழில் ஊக்கம் அதற்குக் கிட்ட வரும். வள்ளுவர் ஆசையையும் ஊக்கத்தையும் கலக்கவில்லை: அவாவறுத்தல் 37ஆம் அதிகாரம், துறவறவியலில்; ஊக்கமுடைமை 60ஆம் அதிகாரம், அரசியலில். ஆசையை வெட்டச் சொன்னவரே ஊக்கத்தை உடைமை என்கிறார். ஆனால் "எனக்கு ட்ரைவ் இருக்கிறது" என்று ஒருவர் தானே எழுதினால், நான் நல்லவன் என்று தானே சொல்லுவது போலத்தான். அதை மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

கோல், ட்ரீம் இரண்டுக்கும் அதிகம் மினக்கெடத் தேவையில்லை. கோலுக்குத் திகதியும் அளவும் வேண்டும். ட்ரீமுக்கு ஒன்றும் வேண்டாம், அதனால்தான் எல்லாரும் எழுதுகிறார்கள்.

சரி, அவளுடைய வரிக்கு வருவோம். முழுவதையும் அழிக்கச் சொன்னேன். 2022இல் அந்த நீண்ட மின்வெட்டு நாட்களில் என்ன செய்தாய் என்று கேட்டேன். கொட்டாஞ்சேனையில் அப்பாவின் ஹாட்வெயார் கடை. யார் யார் எவ்வளவு கடன் என்று துண்டுத்துண்டாகக் கிடந்த கணக்கை, போன் வெளிச்சத்தில் ஒரு சி.ஆர். கொப்பியில் பெயர்வாரியாக எழுதி முடித்தாளாம். பிறகு அதையே கணினியிலும் ஏற்றியிருக்கிறாள். "இதையெல்லாம் எழுதலாமா அன்ரி?" என்றாள். அதையே முதல் வரியாக்கினோம். கடைசிப் பத்தியில் ஒரேயொரு அஸ்பயர்: சின்னக் கடைகளுக்குக் கடன் எப்படிக் கிடைக்கிறது, ஏன் கிடைப்பதில்லை என்று படிக்க. ட்ரைவ் என்ற சொல் பக்கத்தில் எங்கும் இல்லை.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"அம்பிஷன் எண்டு ஒண்டையும் காணேல்லையே?"

மகள் லாப்டொப்பை மூடினாள். "அது உங்களிட்ட இருக்கு, அம்மா."