பைலட் சுடரா, பேட்டரிப் பொறியா, மின் இணைப்பா: பற்றாத கேஸ் கீசரில் எதன் பழுதைக் கண்டறிவது எளிது?

கேஸ் கீசர் வாங்கும்போது எவ்வளவு எரிவாயு மிச்சமாகும் என்று கேட்காதவர்கள் இல்லை. அது ஒரு நாள் காலையில் பற்றாமல் நின்றுவிட்டால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எவ்வளவு எளிது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பெரிய பர்னரைப் பற்றவைக்க எந்நேரமும் எரியும் சிறு பைலட் சுடர், இரண்டு பேட்டரி செல்களில் இயங்கும் தீப்பொறி, வீட்டு மின்சாரத்தை நம்பிய பற்றவைப்பு ஆகிய மூன்று முறைகளையும் அந்த ஒரு கேள்வியை முன்வைத்தே இங்கு ஒப்பிடுகிறேன்.

பைலட் முறை பழையது. தொட்டி வகை ஹீட்டர்களில் அதிகம் காணப்படுவது. இதற்கு வெளியிலிருந்து மின்சாரமே தேவையில்லை. சுடரில் முனை காய்ந்துகொண்டிருக்கும் தெர்மோகப்பிள் (சூட்டை மின்னழுத்தமாக மாற்றும் உலோக உணரி) ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிவோல்ட் தருகிறது. அந்தச் சொற்ப மின்னழுத்தமே வால்வினுள் இருக்கும் மின்காந்தத்தைப் பிடித்துவைத்து எரிவாயுவை வரவிடுகிறது. குமிழை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்த பிறகும், கையை எடுத்தவுடன் சுடர் அணைந்தால், சந்தேகிக்க வேண்டியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். தெர்மோகப்பிளின் மறுமுனையை வால்விலிருந்து கழற்றி, குமிழை அழுத்தியபடியே சுடரை எரியவிட்டு மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் குற்றம் வால்வின் காந்தத்திலோ, சூடு மீறினால் இணைப்பைத் துண்டிப்பதற்காக இடையில் இணைந்திருக்கும் அதிவெப்பத் தடுப்பிலோ இருக்கிறது. அளவு வெகுவாகக் குறைந்திருந்தால், தெர்மோகப்பிளைக் குறைகூறும் முன் சுடரைப் பார்ப்பது நியாயம்: தூசியோ சிலந்தி வலையோ அடைத்த ஜெட்டிலிருந்து (வாயு வெளிவரும் சிறு துளையிலிருந்து) மஞ்சளாய்ச் சோம்பி எழும் சுடர், நல்ல தெர்மோகப்பிளையும் கெட்டதாகக் காட்டிவிடும்.

நம் குளியலறைகளில் பெரும்பாலும் தொங்குவது இரண்டாம் வகை. குழாயைத் திறந்ததும் நீரின் அழுத்தம் டயஃப்ரம் என்னும் ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது. டயஃப்ரம் மைக்ரோ சுவிட்சை அழுத்துகிறது. சுவிட்ச் சர்க்யூட் போர்டை எழுப்புகிறது. போர்டு தீப்பொறியை விட்டு, மின்சாரத்தால் இயங்கும் சோலினாய்டு வாயு வால்வைத் திறந்து, சுடர் பிடித்ததா என்று மற்றொரு மின்முனையின் வழியே உறுதிசெய்துகொள்கிறது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வீட்டுக்காரருக்குத் தெரிவது ஒன்றே: தண்ணீர் குளிர்ந்து வருகிறது. இம்முறையின் பெரிய குறை அதுதான். ஆயினும் காது கொடுத்துக் கேட்பவருக்கு இது ஓரளவு வாய் திறக்கும். ‘டிக் டிக்’ ஓசையே இல்லையென்றால் செல்கள், மைக்ரோ சுவிட்ச், நீரழுத்தம் ஆகிய பக்கம் பார்க்க வேண்டும். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடிக் குளியலறையில் அழுத்தம் போதாமல் டயஃப்ரம் அசையாதிருப்பதும், உப்புத் தண்ணீர்க் கசடு நுழைவாய்ச் சல்லடையை அடைத்திருப்பதும் சாதாரணமாக நடப்பவை. ஓசை இருந்தும் தீ இல்லையென்றால் சிலிண்டர் தீர்ந்திருக்கலாம், மாற்றிய சிலிண்டரின் குழாயில் காற்று நின்றிருக்கலாம், அல்லது சோலினாய்டு திறக்காமலிருக்கலாம். தீ பற்றிச் சில நொடிகளில் அணைந்தால், சுடரை உணரும் மின்முனையில் கரி படிந்திருக்கிறதா, அது சுடருக்குள் நிற்கிறதா, எர்த் கம்பி தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

செல்களைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் அளந்தவர்களும் ஏமாறும் இடம் இதுவே. தனியே எடுத்து அளக்கும்போது 1.5 வோல்ட்டுக்கு அருகில் காட்டும் பழைய செல், வால்வு திறக்கும் கணத்தில் கேட்கப்படும் மின்னோட்டத்தைத் தாங்காமல் சரிந்துவிடும்; ஆகவே கீசர் முயன்றுகொண்டிருக்கும்போதே அளந்தால்தான் உண்மை தெரியும். மீண்டும் சார்ஜ் செய்யும் செல்கள் 1.2 வோல்ட் வீதமே தருவதால் இரண்டுக்கும் சேர்த்து 2.4தான் கிடைக்கிறது, அதை எல்லாப் போர்டுகளும் ஏற்பதில்லை. நன்றாக எரிந்த கீசர் இருபது நிமிடத்தில் தானே நின்றால் அது பழுதே அல்ல; பல மாடல்களில் பாதுகாப்புக்காக வைத்த டைமரின் வேலை அது.

மின் இணைப்பு முறையில் செல் தொல்லை இல்லை. சில மாடல்களில் பிழைக் குறியீடும் திரையில் வருகிறது. ஆனால் கரண்ட் போனால் வெந்நீரும் போகிறது, மேலும் சுடரின் வழியே பாயும் மைக்ரோஆம்பியர் அளவு மின்னோட்டத்தைக் கொண்டு சுடரை உணர்வதால், எர்த் சரியில்லாத வீட்டிலும், நியூட்ரல் எர்த்தோடு இணையாத சிறு ஜெனரேட்டரிலும், எல்லாப் பாகங்களும் நலமாயிருக்க இது பற்ற மறுக்கலாம். உள்ளே 230 வோல்ட் இருப்பதால் மூடியைத் திறந்து பார்ப்பதை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே முறை. வாயு நெடி அடித்தால் எந்த வகையிலும் அளவுகருவிக்கு வேலையில்லை. சிலிண்டரை மூடி, சுவிட்ச் எதையும் தொடாமல் சன்னலைத் திறக்க வேண்டும். மஞ்சள் சுடரும் கரியும் காற்றோட்டக் குறையைக் காட்டுபவை, அவை கார்பன் மோனாக்சைடுக்கு முன்னறிவிப்பு. அவற்றைச் சரிசெய்யாமல் பற்றவைப்பை மட்டும் சீர்செய்வது ஆபத்தைக் கூட்டுவதாகும்.

பழுதறிதல் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் பைலட் முறைக்கே முதலிடம் தருவேன். ஒரே அளவீட்டில் குற்றவாளி பிடிபடுவது வேறெதிலும் இல்லை. ஆனால் அது இரவும் பகலும் வாயுவை எரிக்கிறது என்பதால், சிலிண்டரை நம்பிய நம் வீடுகளுக்குப் பேட்டரி வகையே ஒத்துவருகிறது. வாங்கும் கடையில் டயஃப்ரமும் மைக்ரோ சுவிட்சும் போர்டும் தனித்தனியே கிடைக்குமா என்று கேட்டுவிடுவது நல்லது. கிடைக்காத மாடலில், மைக்ரோ சுவிட்ச்தான் கெட்டிருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்த பிறகும் முழுக் கீசரையே மாற்ற நேரும்.